ஒரு நூல் இடது

என் பீரோவில் புடவைகளுக்கு அடியில் ஒரு கறுப்பு அட்டை இருக்கிறது. ஷூவுக்குள் பாதத்துக்கு அடியில் வைக்கிற கெட்டி அட்டைதான். அதன்மேல் கறுப்புத் தோல் ஒட்டி, தோலில் கோடு போடும் வெள்ளிப் பேனாவால் பதினேழு உருவங்கள் வரைந்திருக்கும். வளையம், படுத்த எட்டு, நிமிர்ந்த கோடு, கோட்டின் உச்சியில் ஒரு கொக்கி என்று போகும். மூலையில் ஓட்டை போட்டு, கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு ஷூ லேஸ் கோத்திருக்கிறது. வீட்டுக்கு வந்த ஓர் அம்மாள் ஒருமுறை அதைப் பார்த்துவிட்டு, "நீங்ககூட கோலம் போடுவீங்களா?" என்று ஆச்சரியமாகக் கேட்டார். பதினாறு உருவங்களுக்குப் பக்கத்தில் டிக் அடித்திருக்கும். பதினோராவதுக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு பெருக்கல் குறி. அந்தக் குறியைப் போட்டவள் நான்தான்.

அட்டையைச் செய்தவர் என் கொழுந்தனார், அதாவது என் வீட்டுக்காரரின் தம்பி. தொண்ணூறுகளின் கடைசியில் நாங்கள் இருவரும் ஆம்பூரில் ஒரே ஷூ கம்பெனியில் வேலை பார்த்தோம். அவர் சாம்பிள் அறையில் புது மாடல்களுக்கு அட்டை வெட்டுகிறவர். நான் கடைசி செக்கிங்கில் இருந்தேன். பெட்டிக்குள் போகும் முன் ஜோடியைக் கையிலெடுத்து, இடதும் வலதும் ஒன்றுபோல இருக்கிறதா என்று பார்த்து, இல்லாவிட்டால் திருப்பி அனுப்புவது என் வேலை. இந்த வேலையில் பத்து வருஷம் இருந்தால் மனுஷி கெட்டுப்போய்விடுவாள். கல்யாண வீட்டில் பந்தலைப் பார்த்தால் எந்தக் கால் கோணல் என்றுதான் கண் தேடும். என் மாமியார், "இவ மோட்சத்துக்குப் போனாலும் வாசக்கதவு ஒரு நூல் எறங்கியிருக்குன்னுதான் சொல்லுவா" என்பார். அதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

கொழுந்தனாருக்கு ரேடியோவில் ஓடும் குட்டி விமானப் பைத்தியம். குட்டி என்றால் கைக்குள் அடங்குவதல்ல, இறக்கைகளை விரித்தால் ஓர் ஆள் நீளம் இருக்கும். வெளிநாட்டு டெக்னீஷியன் ஒருவர் விட்டுப்போன பத்திரிகையில் படம் பார்த்து ஆரம்பித்தது. மற்றவர்கள் பெட்டியில் தயாராக வரும் பாகங்களை வாங்கி ஒட்டினார்கள். இவர் சொந்தமாகவே வரைந்து, பால்சா என்கிற லேசான மரத்தை வெட்டி, இஸ்திரிப் பெட்டியால் பிளாஸ்டிக் தாளை இழுத்து ஒட்டிச் செய்தார். சும்மா பறக்கவிடுவதில் அவருக்கு ஆசையில்லை. போட்டியில் பதினேழு வித்தைகளை வரிசை தப்பாமல் காட்ட வேண்டும். ஏறினால் தூக்குக்குண்டு விட்டதுபோல ஏற வேண்டும், வளைந்தால் வட்டம் வட்டமாகவே இருக்க வேண்டும். நடுவர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்து மார்க் போடுவார்கள். விமானம் நம்மை நோக்கி வரும்போது இடதும் வலதும் மாறிவிடும், அதில்தான் புதியவர்கள் எல்லாரும் விமானத்தைத் தரையில் குத்துவார்கள். கொழுந்தனாருக்கு அது பெரிய விஷயமாகவே இல்லை. ஒரே அட்டையைத் திருப்பிப் போட்டு இடதுகால், வலதுகால் வெட்டியே வளர்ந்தவர் அவர்.

ஓட்டுகிறவர் வானத்திலிருந்து கண்ணை எடுக்க முடியாது. அதனால் அடுத்து எந்த வித்தை என்று பின்னால் நின்று ஒருவர் படித்துச் சொல்லலாம். அந்த வேலைக்கு முதலில் வந்தவர் என் வீட்டுக்காரர். இரண்டு வாரம் வந்தார். "வெயில் ஜாஸ்தி" என்று நின்றுவிட்டார். இந்தத் தம்பி ஏரியில் அப்படி என்னதான் செய்கிறார் என்று பார்க்கத்தான் நான் போனேன். பேரணாம்பட்டு ரோட்டில் தண்ணீரில்லாத ஏரி, அடுப்பங்கரைத் தரைபோல இறுகிக் கிடக்கும். முதல் நாளே கேட்டுவிட்டேன். "ஏன் தம்பி, மேல ஏறும்போது இடதுபக்கம் சாயுதே, அது அப்படித்தான் போவணுமா?"

அவர் விமானத்தை இறக்கிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். "இத்தன நாளா நான் ஒருத்தன்தான் அதக் கண்டுபிடிச்சேன்னு நெனச்சினு இருந்தேன் அண்ணி."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தக் கறுப்பு அட்டை என் கழுத்தில் இருந்தது.

அந்தச் சாய்வுதான் ஒரு வருஷம் எங்களைப் பேஜார் பண்ணியது. முன்னால் சுற்றும் விசிறி விமானத்தை எப்போதும் இடதுபக்கம் இழுக்குமாம். அதனால் என்ஜினை ஒரு துளி வலப்பக்கம் திருப்பி வைக்க வேண்டும். நேராகப் போவதற்குக் கோணலாக வைக்கவேண்டும் என்பது எனக்கு விசித்திரமாக இருந்தது, பிடித்தும் இருந்தது. அவர் என்ஜினுக்குப் பின்னால் வாஷர் போடுவார். நேராகப் போகும். அப்பாடா என்போம். அடுத்தமுறை பார்த்தால் வலதுபக்கம் சாயும். வாஷரை எடுப்பார். அடுத்தமுறை மறுபடி இடது. "பழைய குருடி கதவைத் திறடி" என்று நான் கேலி செய்வேன். அந்தப் பழமொழியை அவர் முன்னால் எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன் என்று பின்னால் நினைத்து நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

செக்கிங் புத்தி சும்மா இருக்குமா. நான் ஒவ்வொரு நாளும் எந்தப் பக்கம் சாய்ந்தது என்று ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிவந்தேன். ஒருநாள் பக்கங்களைப் புரட்டியபோது ஒன்று தெரிந்தது. இடதுபக்கம் சாய்ந்ததெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகள். ரம்ஜான், பக்ரீத், ஆயுதபூஜை என்று மற்ற விடுமுறை நாட்களில் ஒருமுறைகூட இல்லை. மாமியாரிடம் சொன்னேன். "ஆண்டவரோட நாள்ல ஆகாசத்துல வெளையாடினா நேராவா போவும்?" என்று ஒரே வரியில் வழக்கை முடித்துவிட்டார்.

எனக்கு அதில் திருப்தியில்லை. ஆண்டவருக்கு இந்த விமானத்தைவிடப் பெரிய வேலைகள் இருக்கும் என்று தோன்றியது. ஞாயிற்றுக்கிழமைக்கும் பக்ரீத்துக்கும் என்ன வித்தியாசம்? பண்டிகை விடுமுறையில் விடிந்ததும் ஏரிக்குப் போய்விடுவோம். ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்து, இட்லி சாப்பிட்டுப் போவதற்குள் வெயில் ஏறிவிடும். அடுத்த ஞாயிறு, ஷூவைத் தடவிப் பார்க்கிற மாதிரி விமானத்தைத் தடவிப் பார்த்தேன். இடது இறக்கை கறுப்பு, வலது இறக்கை மஞ்சள். மஞ்சள் வெதுவெதுவென்று இருந்தது. கறுப்பில் கை வைக்க முடியவில்லை. பின்னால் உட்கார்ந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தால், கறுப்பு இறக்கையின் பின்விளிம்பு நுனியில் ஒரு நூல் மேலே முறுக்கிக்கொண்டிருந்தது. சூட்டில் தாள் இழுத்து மரத்தைத் திருகியிருக்கிறது. வேப்பமர நிழலில் ஈரத்துணி போட்டு அரைமணி நேரம் வைத்தோம். ஏறியது பாருங்கள், கிணற்றுக்கயிறு போல.

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். "ரெண்டு பக்கமும் மஞ்சளே ஒட்டிடுங்க தம்பி. சூடானாலும் ஒண்ணுபோல சூடாவும்" என்றேன்.

"அதெல்லாம் முடியாது அண்ணி." சட்டென்று வந்தது பதில். அவர் என்னிடம் அப்படிப் பேசியதே இல்லை. விமானத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு ரோட்டுப் பக்கம் நடந்துவிட்டார். நான் பின்னாலேயே ஓடினேன். பஸ் நிறுத்தத்தில் நின்றோம். தூரத்தில் ஒரு பஸ் வந்தது. கோபத்திலும் வழக்கம்போலக் கேட்டார். "இன்னா போர்டு அண்ணி?"

மாதக்கணக்காக அவர் இதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். நானும் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். அன்றைக்குத்தான் அந்தக் கேள்வி என் கையில் தட்டுப்பட்டது. பஸ் எங்கள் முன்னால் வந்து நின்றது. நான் வாயைத் திறக்கவில்லை. அவர் போர்டைப் படிக்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பஸ் போய்விட்டது.

"எத்தன நாளா தம்பி?" என்றேன்.

வேலூர் ஆஸ்பத்திரியில் சொல்லி ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. கருவிழி கூம்பு மாதிரி முன்னால் துருத்திக்கொண்டே போகிறதாம். கண்ணாடி போட்டும் பெரிதாகத் தெரியவில்லை. கைக்கெட்டும் தூரம் சமாளித்துவிடுவார், தூரத்தில்தான் எல்லாம் கலங்கல். வானத்தில் விமானம் அவருக்கு ஒரு தீற்றல்தான். எந்த இறக்கை மேலே, எந்த இறக்கை கீழே என்று காட்டிக்கொடுத்தது கறுப்பும் மஞ்சளும் மட்டும். கம்பெனிக்குத் தெரிந்தால் சாம்பிள் அறையிலிருந்து தூக்கிவிடுவார்கள். வீட்டில் பெண் பார்க்கிற நேரம் வேறு. "அம்மாவுக்குத் தெரிய வேணாம் அண்ணி" என்று மட்டும் சொன்னார். எனக்கு அழுகை வந்தது. ஊரில் உள்ள ஷூவில் எல்லாம் பழுது கண்டுபிடிக்கிறவள், ஒரே வீட்டில் சாப்பிடுகிற மனிதனின் கண்ணைப் பார்க்கவில்லை. பார்த்தபோதோ, பார்க்காமலே இருந்திருக்கலாம் என்று இருந்தது.

பெங்களூருக்கு வெளியே ஒரு போட்டி அறிவித்திருந்தார்கள். சொந்தமாக வரைந்து செய்த விமானங்களுக்கு அதில் தனிப் பிரிவு. செய்தவரே ஓட்டவேண்டும் என்றில்லை. வெளிர்நீலம், ஆரஞ்சு, வெள்ளி என்று கறுப்புக்குப் பதிலாக ஒவ்வொன்றாக ஒட்டிப் பார்த்தோம். எதுவும் அவர் கண்ணுக்கு மஞ்சளிலிருந்து பிரியவில்லை. கறுப்பு இருந்தால் அவரால் ஓட்ட முடியும், விமானம் கோணலாகப் போகும். கறுப்பு போனால் விமானம் நேராகப் போகும், அவரால் ஓட்ட முடியாது. போட்டிக்குப் பத்து நாள் முன்னால் ஒரு காலையில் விமானத்தைக் கூடத்துக்குக் கொண்டுவந்து வைத்தார். இரண்டு இறக்கையும் மஞ்சள்.

"யாரு ஓட்டறது?"

"ஜோலார்பேட்டை தோஸ்த் ஓட்டட்டும். நான் வரைஞ்சது நேரா போவுதா இல்லையான்னு எனக்குத் தெரியணும் அண்ணி. அது போதும்."

தோஸ்த் என்றது ஒரு ரயில் டிரைவரை. எங்களோடு ஏரிக்கு வருகிறவர், வாங்கிய விமானம் வைத்திருந்தவர், நல்ல கை. ஆம்பூரில் ரயில் ஏறினோம். விமானம் ஷூ ஏற்றுமதி அட்டைப்பெட்டியில் படுத்திருந்தது. ஜோலார்பேட்டையில் டிரைவர் ஏறிக்கொண்டார். "அம்மா, நீங்க ஒண்ணு பண்ணுங்க. சிக்னலுக்கு முன்னாடியே ஒரு சிக்னல் இருக்கும் எங்களுக்கு. அந்த மாதிரி ஒரு மூச்சு முன்னாடியே சொல்லிடுங்க" என்றார்.

எங்கள் முறை உச்சிவெயிலில் வந்தது. அதுவும் நல்லதுக்குத்தான், இரண்டு மஞ்சளும் சூட்டில் ஒன்றுபோல நிற்கிறதா என்று தெரிந்துவிடும் என்று நினைத்தேன். டிரைவர் முன்னால், நான் அவர் தோளுக்குப் பின்னால், என் பக்கத்தில் கொழுந்தனார். அவர் மேலே பார்க்கவே இல்லை. தலையைக் குனிந்து, கண்ணை மூடி, என்ஜின் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். நான் அட்டையைப் பார்த்துப் படித்தேன், வானத்தைப் பார்த்தேன், வெள்ளிப் பேனாவால் டிக் அடித்தேன். பத்து டிக். பதினொன்று அந்த நீளமான ஏற்றம். மஞ்சள் விமானம் ஏறியது, ஏறியது, உச்சியில் கொக்கி போடுவதற்குச் சற்று முன்னால் இடதுபக்கம் ஒரு மயிரிழை சாய்ந்தது. காற்றா, டிரைவர் கையா, விமானமா, தெரியாது. என் கை தானாகப் பெருக்கல் குறி போட்டுவிட்டது. மற்ற ஆறும் டிக்.

இறங்கியதும் கொழுந்தனார் கண்ணைத் திறந்து என்னிடம்தான் கேட்டார். "இன்னா அண்ணி? நேரா போச்சா?"

பொய் சொல்ல ஆசையாக இருந்தது. அதை மறைக்க மாட்டேன். தன் விமானத்தைத் தானே பார்க்க முடியாத ஒருவருக்கு 'எல்லாம் நேர்' என்று சொன்னால் யாருக்கு நஷ்டம்? பேனாவின் மூடியைக்கூடப் போட்டுவிட்டேன். ஆனாலும் வாயில் வேறுதான் வந்தது.

"பதினொண்ணாவது ஒரு நூல் இடது. மத்ததெல்லாம் பாஸ்."

அவர் முகம் விரிந்ததை நான் மறக்கமாட்டேன். "ஒரு நூல்தானா?" என்றார். பிறகு அந்தச் சுட்டெரிக்கிற தரையிலேயே உட்கார்ந்துகொண்டார். 'எல்லாம் நேர்' என்று நான் சொல்லியிருந்தால் ஒன்றைக்கூட நம்பியிருக்க மாட்டார் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. நாங்கள் நான்காவதாக வந்தோம். நான்காவதுக்குப் பரிசு கிடையாது. ஜோலார்பேட்டை வரைக்கும் டிரைவர் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் எல்லார் வீட்டிலும் நடப்பதுதான். அவரே கம்பெனியில் சொன்னார், பயந்ததுபோலத் தூக்கவில்லை, ஸ்டோருக்கு மாற்றினார்கள். பெண் வீட்டில் முதலிலேயே சொல்லித்தான் கல்யாணம் நடந்தது. சில வருஷம் கழித்து இரண்டு கண்ணுக்கும் வேறு கருவிழி வைத்தார்கள். இப்போது பஸ் போர்டை எனக்கு முன்னால் அவர் படித்துவிடுகிறார். எனக்குத்தான் கண்ணாடி தேவைப்படுகிறது.

போன மாதம் காலையில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. அந்தப் போட்டியில் யாரோ வீடியோ எடுத்திருக்கிறார். அது எங்கெங்கோ சுற்றி, ரிடையராகிவிட்ட டிரைவரின் போனுக்கு வந்து, அங்கிருந்து இவருக்கு வந்திருக்கிறது.

"அண்ணி, இப்பதான் பாத்தேன். மொத தடவ பாக்கறேன்" என்றார். பிறகு, "பதினொண்ணாவது ஒரு நூல் இல்ல அண்ணி. நிறுத்தி நிறுத்திப் பாத்தேன். அரை நூல்தான்" என்றார்.

"அரை நூல்னாலும் ரிஜெக்ட் ரிஜெக்ட்தான் தம்பி" என்றேன்.

சிரித்தார். சிரிப்பு நின்ற பிறகும் போனை வைக்கவில்லை. "மத்த பதினாறும் பாத்தேன்" என்றார் மெதுவாக. "நீங்க சொன்னது சரிதான். எல்லாம் பாஸ்."

இத்தனை வருஷம் கழித்து என் செக்கிங்கையே செக் பண்ணியிருக்கிறார். ஒரு நிமிஷம் சுருக்கென்றுதான் இருந்தது. பிறகு, நானாக இருந்தாலும் பார்த்திருப்பேன் என்று தோன்றியது. போனை வைத்துவிட்டு பீரோவைத் திறந்தேன். அட்டையில் வெள்ளி மை இன்னும் மங்கவில்லை. பதினோராவதுக்குப் பக்கத்தில் இருந்த பெருக்கல் குறியைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். அழிக்கவில்லை. அப்படியே புடவைகளுக்கு அடியில் திரும்ப வைத்துவிட்டேன்.