விஜிக்கு ஒரு பேண்ட்

போன சனிக்கிழமை என் வீட்டுக்காரரின் பழைய பேண்ட் ஒன்றைத் தையல் தையலாகப் பிரித்துப் போட்டேன். அவர் ஆபீசிலிருந்து வந்தபோது கூடத்தில் தரையெங்கும் பேண்ட்தான். கால் ஒரு பக்கம், பாக்கெட் ஒரு பக்கம்...

காரணம் இருக்கிறது. சொல்கிறேன்.

என் நாத்தனார் விஜி மாதுங்காவில் எங்களோடுதான் இருக்கிறாள். பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. செம்பூரில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் அவளுக்கு வேலை கிடைத்தது. சும்மா வேலை இல்லை — மாத்திரை செய்கிற மெஷினில் வேலை! வீட்டில் ஒரே அமர்க்களம். வெள்ளிக்கிழமை ஆர்டர் வாங்கப் போனவள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தாள்.

"மன்னி, புடவையோட மெஷின்கிட்டயே விடமாட்டாளாம். முந்தானை சிக்கிண்டா ஆளையே இழுத்துடுமாம். பேண்ட் ஷர்ட் போட்டுண்டு வந்தா மெஷின், இல்லேன்னா டைப்ரைட்டர்னு சொல்லிட்டார் மேனேஜர்."

"எப்போ சேரணும்?"

"திங்கக்கிழமை!"

டைப்ரைட்டர் ஒன்றும் மட்டமில்லை. கல்யாணத்துக்கு முன்னால் நானே தட்டியிருக்கிறேன். ஆனால் லாபரட்டரியில் கையைச் சுட்டுக்கொண்டு படித்தவளுக்கு "டியர் சார்" அடிப்பதில் என்ன சுகம்?

இரண்டு பேரும் மார்க்கெட் பக்கத்துத் தையல் கடைக்கு ஓடினோம். டெய்லர் விஜியை மேலும் கீழும் பார்த்தார். "ஹீரோயின் பன்னா ஹை க்யா?" — ஹீரோயின் ஆகணுமா என்று சிரித்தார். அப்புறம், தீபாவளி வரைக்கும் கை காலியில்லை என்றார். விஜி விறுவிறுவென்று படியிறங்கிவிட்டாள்.

தெருவில் வைத்துத்தான் அது என் வாயிலிருந்து வந்தது. "நான் தைக்கிறேன்டி."

எந்தத் தைரியத்தில் சொன்னேன்? எனக்கே தெரியவில்லை! என் மெஷினில் நான் தைத்ததெல்லாம் தலையணை உறை, ஜன்னல் திரை, எனக்கு ரவிக்கை, அவ்வளவுதான். திரைக்கு ஃப்ரில் வைத்ததற்கு மாடி வீட்டு மராத்திக்கார மாமி பாராட்டியிருக்கிறாள். பாராட்டை நம்பிப் பேண்டில் இறங்கலாமா?

வீட்டில் என் மாமியார் கேட்டதுதான் தாமதம். "பொம்மனாட்டிக்குப் பேண்டா? நாளைக்கு எவன் ஜாதகம் கேட்டு வருவான்?" அதோடு சமையலறைக்குள் போய்விட்டார். பாத்திரங்கள் மட்டும் பேசின... பலமாக.

நான் பழைய ஜன்னல் திரை ஒன்றை எடுத்தேன். முதலில் அதில் ஒத்திகை. கால் என்பது என்ன, நீளமான தலையணை உறைதானே? இரண்டு உறை தைத்து, மேலே ஒன்றாகச் சேர்த்தேன். விஜி போட்டுக்கொண்டாள். நின்றாள், அழகாகத்தான் இருந்தது. உட்கார்ந்தாள். டர்ர்ர்!

விஜி சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் நிஜமாகவே அழுதுகொண்டிருந்தாள். "விடுங்கோ மன்னி. டைப்ரைட்டர்தான் எனக்கு."

அங்கேதான் எனக்கு ரோஷம் வந்தது. மறுநாள் காலை பீரோவைத் திறந்தேன். முழங்காலில் வெளுத்துப்போன பேண்ட் ஒன்று கண்ணில் பட்டது. பிளேடால் பிரித்தேன்.

பிரித்துப் பரப்பினால் — அடடா! முன்பக்கத் துண்டும் பின்பக்கத் துண்டும் ஒரே மாதிரி இல்லவே இல்லை. பின்பக்கம் வளைவு ஆழமாக, துணி தாராளமாக இருக்கிறது. உட்காருகிற இடத்துக்குத் துணி வேண்டாமா? தினமும் இஸ்திரி போட்டு மடித்து வைக்கிறேன், ஒரு நாள் கவனித்ததில்லை!

அந்த நேரம் பார்த்துத்தான், சனிக்கிழமை அரை நாள் ஆபீஸ் முடிந்து இவர் உள்ளே வந்தார். தரையைப் பார்த்தார். "இது என்னோடதா?"

"ஆமாம்."

"சரி... இன்னிக்கு நான் போட்டுண்டிருக்கறதை மட்டும் விட்டுடு." ஷூவைக் கழற்றிவிட்டுத் துணி வாங்க அவரே கிளம்பினார். பிறகு ஷூ இல்லாமல் போகிறோமே என்று படியிலிருந்து திரும்பி வந்தார். கருநீலத்தில் கெட்டியான டிரில் துணி வந்தது. பிரித்த துண்டுகளை அதன் மேல் வைத்து, விஜியின் அளவுக்கு வெட்டித் தைத்தேன்.

ஆண்பிள்ளைப் பேண்ட் இடுப்பும் தொடையும் ஏறக்குறைய நேராக இருக்கும். நமக்கு அப்படியா? இடுப்பில் துணி புடைத்துக்கொண்டு நின்றது. யோசித்து யோசித்து, ரவிக்கைக்குப் பிடிக்கிற டார்ட்டை, அந்தக் கூம்பு மடிப்பை, இடுப்பில் பிடித்தேன். பொத்தானுக்குப் பதில் பக்கவாட்டில் கொக்கி. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் விஜி போட்டுக்கொண்டு வந்தாள். உட்கார்ந்தாள். எழுந்தாள். குனிந்தாள். மறுபடி உட்கார்ந்தாள். சத்தமே இல்லை! நான் குதிக்காத குறை.

சமையலறை வாசலில் மாமியார் நின்றிருந்தார். எப்போது வந்தாரோ! மகளைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

"பாக்கெட் எங்கடி?" என்றார்.

"எதுக்கும்மா?" என்றேன்.

"எதுக்காவா? அவனுக்கு மட்டும் ரெண்டு பக்கமும் வச்சிருக்கே? இவ சில்லறையை எங்க வச்சுப்பா, தலையிலயா? வை!"

வைத்தேன். பிரித்துப் போட்ட பேண்டிலிருந்தே எடுத்து வைத்தேன்.

திங்கட்கிழமை காலை அண்ணனின் சட்டையும் அந்தப் பேண்டுமாக விஜி கிளம்பினாள். எதிர் பால்கனியில் இரண்டு தலை எட்டிப் பார்த்தது. "என்ன பார்க்கறேள்? கம்பெனி உத்தரவு!" என்று மாமியார் இங்கிருந்தே குரல் கொடுத்தார். தலைகள் உள்ளே போயின.

அன்று பூராவும் எனக்கு ஒரு வேலை ஓடவில்லை. ரசத்தில் உப்பு இரண்டு தடவை விழுந்தது.

சாயங்காலம் படியில் தடதடவென்று சத்தம். விஜி! மேனேஜர் ஒரு பார்வை பார்த்தாராம். நேரே மெஷினிடம் அழைத்துப் போனாராம்.

"அது மட்டுமில்லே மன்னி! பஸ் கிளம்பிடுத்து. ஓடிப் போய் ஏறினேன்! ஓடினேன் மன்னி!"

மாத்திரையைவிட அவளுக்கு இதுதான் பெரிதாக இருந்தது. யோசித்துப் பாருங்கள். புடவை கட்டினால் ஒரு கை அதற்கே சரியாகிவிடுகிறது — கொசுவத்தைத் தூக்க, முந்தானையை இழுக்க. மிச்சமிருக்கும் ஒரு கையில்தான் பையும் குடையும் குழந்தையும். இந்த ஊரில் இத்தனை வருஷமாக எத்தனை பஸ் என் கண்ணெதிரே போயிருக்கிறது! ஒன்றின் பின்னாலாவது நான் ஓடியிருக்கிறேனா?

நேற்று கடைக்குப் போய் இன்னொரு டிரில் துணி வாங்கி வந்தேன், சாம்பல் நிறத்தில். விஜிக்குத்தானே என்று இவர் கேட்டார்.

நான் இஞ்ச் டேப்பை என் இடுப்பில் சுற்றிக்கொண்டிருந்தேன்.