பத்து காஜாவிலிருந்து வந்த மணல்

இது நடந்தது. நம்பாதவர்கள் மலேசியாவில் ஈப்போ நகரின் லகாட் சாலைக்குப் போய் யேசுதாசனையே கேட்டுக்கொள்ளலாம். பொய் சொல்ல வராத மனிதர் அவர். கல்யாணமாகி முப்பது வருஷத்தில் மனைவி ரோசரியிடம் நான்கு பொய் சொல்லி, நான்கிலும் அகப்பட்டவர்.

இன்னொன்று. இது நள்ளிரவில் நடக்கவில்லை. புதன்கிழமை, பட்டப்பகல். வெயில் தகரக் கூரையைப் பிளந்துகொண்டிருந்தது. பேய்க்கு இருட்டு வேண்டும் என்பது நாமாகச் சொல்லிக்கொண்ட ஆறுதல்.

யேசுதாசன் ஒரு வார்ப்புப் பட்டறையில் மண்டோர், அதாவது மேஸ்திரி. அங்கே மணலை இறுக்கி அச்சாக்கி, உருகிய இரும்பை ஊற்றுவார்கள். ஆறியதும் அச்சை உடைப்பார்கள். உடைந்த மணல் முன்பெல்லாம் குப்பைக்குப் போகும். அதைச் சலித்து, காந்தம் வைத்து இரும்புத் துணுக்குகளை எடுத்து, களிமண் தூளும் தண்ணீரும் கலந்து மறுபடி பயன்படுத்தலாம் என்று இரண்டு வருஷம் முதலாளியின் காலைச் சுற்றி வந்து, இயந்திரம் வாங்க வைத்தவர் யேசுதாசன்தான். பத்து காஜா என்ற ஊரில் மூடிக்கிடந்த ஒரு பட்டறையின் பழைய மணலையும் ஐந்து லோரி இறக்கினார்.

அது வந்த நாளிலிருந்து ஒரு வார்ப்பும் உருப்படவில்லை.

அந்தப் புதன்கிழமை காலை முதலாளி பூங், மலாய் மொழியில் சுருக்கமாகச் சொல்லிவிட்டார். தெலுக் இந்தான் செம்பனை எண்ணெய் ஆலையில் பம்பு நின்றுகிடக்கிறது. ஐந்தரைக்கு லோரி கிளம்பும். அதற்குள் நல்ல பம்பு மூடி ஒன்று வராவிட்டால், இந்த இயந்திரம் பழைய இரும்புக்குப் போகும். யேசுதாசன் மண்டோர் வேலையை விட்டு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டலாம்.

பகல் 11.50. முதல் மூடியை உடைத்து எடுத்தார்கள். முகமெல்லாம் அம்மைத் தழும்பு. மணலில் ஈரம் அதிகம். ஆனால் ஈரம் காட்டும் மீட்டர், எல்லாம் சரி என்று பச்சை விளக்கு எரித்துக்கொண்டிருந்தது.

பழைய ஆட்கள் மீட்டரைப் பார்ப்பதில்லை. ஒரு பிடி மணலை உள்ளங்கையில் வைத்து இறுக்குவார்கள். விரல் தடம் பதிய வேண்டும். இரண்டாக ஒடித்தால் உதிராமல் ஒடிய வேண்டும். அதுதான் பதம். புது இயந்திரம் வந்ததும் யேசுதாசன் அந்த வழக்கத்துக்குத் தடை போட்டிருந்தார்.

இப்போது மணல் கலக்கும் தொட்டியின் விளிம்பில், இறுக்கிப் பிடித்த ஒரு பிடி மணல். நான்கு விரல் தடம்.

"ராமையா! கைப்பிடி பாக்காதன்னு எத்தன தடவ சொல்றது?"

தொட்டியைக் கவனிக்கும் ராமையா, கையுறை போட்ட இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினார்.

"நான் எங்கண்ணே தொட்டேன்? மீட்டருதான் உங்க மாமனார் வீட்டுச் சீதனமாச்சே. அதையேதான் பாத்துக்கிட்டு நிக்கிறேன்லா."

மணி 2.20. இரண்டாவது மூடி. மூலையில் அச்சு இடிந்து, இரும்பு வழிந்துபோயிருந்தது. இந்த முறை மணலில் ஈரம் போதவில்லை. மீட்டர்? பச்சை.

தொட்டி விளிம்பில் மறுபடி ஒரு பிடி.

யேசுதாசன் அந்தத் தடங்களில் தன் விரல்களை வைத்துப் பார்த்தார். பொருந்தவில்லை. தடம் பெரிது. ராமையாவின் கைக்கும் பெரிது. வலது கை. ஈரம் இன்னும் காயவில்லை…

பயம் வரவேண்டிய இடம் இது. யேசுதாசனுக்கு வந்தது எரிச்சல். இருக்கிற தலைவலி போதாதா? பிடியைத் தூக்கித் தரையில் அடித்தார்.

3.05. மூன்றாவது கலவை. தொட்டியை நிறுத்தினார். சுவிட்சைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டார்.

உள்ளே சத்தம்.

தப்… தப்… தப்…

"எலியா லா?" என்றார் யேசுதாசன்.

"எலி மணலத் தட்டிக் கொடுக்குமாண்ணே?"

"வேலை செய்ய விடுதா பாரு, சனியன்!" பல்லைக் கடித்தபடி தொட்டியின் சிறு கதவைத் திறந்து முழங்கை வரை உள்ளே விட்டார்.

மணல் வெதுவெதுப்பாக இருந்தது.

3.11. ஒரு பிடி அள்ளினார். இழுப்பதற்குள்… அவர் விரல்களின் மேல் வேறு விரல்கள் மூடின.

இறுக்கின.

சிலுவை போடலாமென்றால் வலது கை உள்ளே.

பிடி பொலபொலவென்று உதிர்ந்தது. அந்தக் கை அவர் மணிக்கட்டைப் பிடித்து ஓர் உதறு உதறியது. வேலை தெரியாதவனை உதறுகிற உதறல்.

"தண்ணி… ஊத்து…" என்றார் ராமையாவிடம்.

"மீட்டரு சரின்னு காட்டுதேண்ணே?"

"ஊத்துலா!"

ஒரு வாளி.

தொட்டி ஓடவில்லை. சாவி சட்டைப்பையில்.

மணல் சுழன்றது…

சரக்… சரக்…

இறுக்கல். உதறல்.

"இன்னும்…"

அரை வாளி.

சரக்…

இறுக்கல்…

விட்டது.

3.19. வெளியே வந்த கையில் ஒரு பிடி மணல். ஒடித்தார்.

உதிராமல் ஒடிந்தது.

அந்த மணலில் வார்த்து 5.15-க்கு உடைத்த மூடி, முகம் பார்க்கலாம் போல வழவழவென்று இருந்தது. ஐந்தரைக்கு லோரி தெலுக் இந்தானுக்குக் கிளம்பிப் போனது. யேசுதாசன் அன்று யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. தஞ்சோங் ரம்புத்தான் மனநல ஆஸ்பத்திரி ஒன்றும் தூரமில்லை.

வெள்ளிக்கிழமை காலை முதலாளி சிரித்துக்கொண்டே வந்தார். அந்த மணல் பொன்னாம். மிச்சம் இருப்பதையும் உடனே கேள் என்று பக்கத்திலேயே நின்றுகொண்டார். யேசுதாசன் பத்து காஜா பட்டறைக்காரரின் மகள் கலாதேவிக்குப் போன் போட்டார்.

"மணல் இன்னும் இருக்காம்மா?"

"ரெண்டு லோரி இருக்குண்ணே."

"அங்க… முன்னாடி ஏதாச்சும் நடந்துச்சா?"



"யாரும் சொல்லலியா? அதுலதானே பட்டறையவே மூடினோம். பத்து வருஷமாச்சு. பிலவேந்திரன்னு ஒருத்தரு, மணல் பதம் பாக்கிறவரு. தொட்டி ஓடிக்கிட்டு இருக்கறப்பவே கைய விட்டுட்டாரு. ஆஸ்பத்திரி போறதுக்குள்ள உயிரு போயிருச்சு."

"பாவம்…"

"அந்த வலது கைதாண்ணே கடைசி வரைக்கும் கிடைக்கல. மொத்த மணலையும் மூணு தரம் சலிச்சுப் பாத்தாங்க. ஒரு நகம்கூட இல்ல… சரி, அந்த ரெண்டு லோரி வேணுமாண்ணே?"

தமிழ் தெரியாத முதலாளி பக்கத்தில் நின்று, வேண்டும் வேண்டும் என்று கட்டைவிரலை உயர்த்திக் காட்டிக்கொண்டிருந்தார்.