லப்பெ தின்று முடித்த வழக்கு

எட்டு வயதில் நான் செய்த பெரிய காரியம், பக்கத்து வீட்டுப் பையனின் முன்பல்லைச் சிலேட்டால் உடைத்தது. ரங்கூனில் லத்தா பேட்டையில் ஒரு மாடிவீட்டில் அப்போது குடியிருந்தோம். நான் போட்ட கணக்கை அவன் எச்சில் தொட்டு அழித்தான். மரச்சட்டம் போட்ட சிலேட்டு, அடி கொஞ்சம் பலமாக விழுந்துவிட்டது.

இன்னொரு புகார் வந்தால் என்னைக் கப்பலேற்றி ஊரிலுள்ள பெரியம்மாவிடம் அனுப்பிவிடுவேன் என்று அம்மா முன்பே சொல்லியிருந்தாள். பெரியம்மாவுக்குப் பேச்சு குறைவு, அடி அதிகம். அதனால் அந்த ஞாயிற்றுக்கிழமை பையனின் அம்மாவும் அப்பாவும் நியாயம் பேச வருகிறார்கள் என்றதும் சிலேட்டை அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன்.

வந்தவர்களோ சண்டைக்காரர்களாகத் தெரியவில்லை. பையனின் அம்மாவை நான் அத்தை என்பேன், அவள் பட்டுப்புடவையும் வாழைப்பழச் சீப்புமாக வந்தாள். மாமா, அப்பாவோடு அலோன் துறைமுகத்துச் சரக்குக் கிட்டங்கியில் வேலை பார்ப்பவர். பிள்ளைகள் என்றால் அப்படித்தான் என்று அவர்களும், தப்பு எங்கள் மேல்தான் என்று அம்மாவும் அப்பாவும் மாறி மாறிச் சொன்னதில் சம்பந்தி உபசாரம் தோற்றது. கீழே இருந்த வீட்டுக்காரப் பர்மியம்மா விஷயம் கேள்விப்பட்டு, ஒரு அரக்குப் பெட்டியில் லப்பெ கொடுத்தனுப்பியிருந்தாள். ஊறவைத்த தேயிலை, கூடவே வறுத்த பூண்டு, எள், வேர்க்கடலை. பலகாரத்துக்கு ஆயிற்று என்று அம்மா அதை முதலிலேயே நடுவில் வைத்துவிட்டாள். துவர்ப்பில் முகம் சுளிக்காமல் தின்றவர் அப்பா ஒருவர்தான்.

பிறகுதான் பல்லின் பேச்சு வந்தது. அது பால்பல், முளைத்துவிடும் என்றாள் அம்மா. விழுந்து முளைத்த பல் என்றாள் அத்தை. பையனை வாய் திறக்கச் சொல்லி நாலு பேரும் குனிந்து பார்த்தார்கள். ஒன்பது வயது ஆண்பிள்ளை ஒரு பெண்ணிடம் அடி வாங்கியதை ஊருக்குச் சொல்லுவானேன் என்று அம்மா கேட்டாள். வளர்த்த லட்சணம் பல்லில் தெரிகிறது என்றாள் அத்தை. குரல் தெருவரை போனது.

அப்பா சமாதானத்துக்கு வந்தார். பேசித் தீர்த்துவிட்டுத்தான் லப்பெயை வைக்க வேண்டுமாம். சேர்ந்து தின்றுவிட்டால் வழக்கு முடிந்தது, அப்புறம் யாரும் வாய் திறக்கக்கூடாது என்பது பர்மியர் வழக்கமாம். அம்மாதான் அவசரப்பட்டுவிட்டாளாம். இதைச் சொல்லாமல் அவர் இன்னும் நாலு வேர்க்கடலை தின்றிருக்கலாம்.

"பத்து வருஷமா இந்த ஊர்ல இருக்கேன், எனக்கே தெரியாது," என்றாள் அத்தை. "அண்ணனுக்கு யாரு சொல்லிக் கொடுத்தா? அலோன்ல வச்சிருக்கீங்களே, அவளா?"

மாமா அவளை அடக்கினார். வாரத்தில் இரண்டு நாள் கப்பல் வேலை என்று அப்பா அலோனிலேயே தங்கிவிடுவது வழக்கம். அம்மா அப்பாவைப் பார்க்கவில்லை, மாமாவைப் பார்த்தாள்.

"உங்களுக்கும் தெரியுமாண்ணே?"

மாமா தலை குனிந்தார். அப்பா எழுந்து அவர் சட்டையைப் பிடித்தார். பெண்டாட்டியிடம் சொன்னது என் தப்பு என்று மாமா கத்த, கோபத்தில் வாய் தவறிவிட்டது என்று அத்தை அழ, யார் காலோ பட்டுப் பெட்டி கவிழ்ந்தது. பல்லை எல்லோரும் மறந்துவிட்டார்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது.

அவர்கள் போனபின் அம்மா பாயில் சிந்திய தேயிலையைப் பொறுக்கி எறிந்தாள். இரவல் பெட்டியாயிற்றே, கழுவித் துடைத்து என்னிடம் கொடுத்தனுப்பினாள். பர்மியம்மா திறந்து பார்த்தாள். காலியாக இருந்ததில் அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். என் கன்னத்தைத் தட்டி, எல்லாம் நல்லபடி முடிந்ததல்லவா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

அடுத்த மாதம் அம்மாவும் நானும் கப்பலேறினோம். பல்லுக்காகவா என்று கேட்டதற்கு அம்மா ஆமாம் என்றுதான் சொன்னாள். தண்டனையில் அவளும் கூட வருவது எனக்குப் பெரிய ஆறுதல். அப்பா கரையில் தனியாக நின்றார். கப்பல் நகர்ந்ததும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இனிமேல் யாரையும் அடிக்கமாட்டேன் அப்பா என்று தொண்டை கிழியக் கத்தினேன். கேட்டதோ இல்லையோ, அவர் தலையை ஆட்டினார். என்னை மன்னித்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.