ஆவுடையார்கோவில் ஆட்டோவும் ஒரு தெருவின் ஓடிபியும்

ஆவுடையார்கோவில் கல் கூரையைப் பார்த்தே தீருவது என்று ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை கிளம்பினேன். தனியாகத்தான், அடைமழையில் என்னோடு சுற்ற யாருக்குப் பைத்தியம்? புதுக்கோட்டையிலிருந்து அறந்தாங்கிக்கு ஒரு மணி நேரம். அங்கிருந்து டவுன் பஸ்ஸில் பதினாலு கிலோமீட்டர். கல்லிலேயே கட்டையும் ஆணியும் செதுக்கி வைத்திருக்கிறார்கள், போய்ப் பாருங்கள்.

மதியம் பக்கத்துக் கண்மாயில் பறவை பார்க்க ஆட்டோ தேடினேன். ஸ்டாண்டில் ஒரே ஒரு வண்டி நின்றது. "அதுல ஏறாதீக" என்றார் டீக்கடைக்காரர். ஏன் என்று கேட்டால் டீயை ஆற்றிக்கொண்டே இருக்கிறார். எரிச்சலில் ஏறிவிட்டேன். டிரைவர் முத்தையாவுக்கு நாற்பது வயதிருக்கும். போகவர நானூறு ரூபாய்.

"போன்லயே அனுப்பிடவா?"

"போன் பேச்சே வேண்டாங்க. காசாக் குடுங்க."

வழியில் அவருடைய ஊர். பூட்டிய வங்கிக் கிளையின் ஷட்டரில் 'முழுமையான டிஜிட்டல் கிளை' என்ற பலகை இன்னும் தொங்கியது. அதைக் காட்டித்தான் பேச ஆரம்பித்தார்.

"எல்லாக் கணக்குலயும் போன் நம்பர் சேக்கணும், டார்கெட்டுன்னாரு மேனேஜரு. எங்க தெருவுல பாதிப் பேருகிட்ட போனே இல்ல. என் நம்பரையே எழுதிக் குடுத்துட்டாக. அவரும் கண்டுக்கல. கிளைக்கு ஷீல்டு கெடச்சுது. அப்பறம் கவுண்டருக்கு ஆளே வரலைன்னு பூட்டிட்டாக."

தெருவுக்கு வரும் ஓடிபி எல்லாம் இவர் போனுக்குத்தான். திருப்பூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பிள்ளைகள் கூப்பிடுவார்கள், இவர் வண்டியை ஓரங்கட்டிப் படித்துச் சொல்வார். யார் வீட்டுப் பிள்ளை என்று சொன்னால் போதும். அதைச் சந்தேகப்படுவது அவர்கள் தெருவில் மரியாதையில்லை.

"ராணி அக்கா மகன் பேசுறேன்னு ஒருத்தன் கேட்டான். சளி புடிச்ச கொரலு. படிச்சுட்டேங்க. அவுக வீட்டுக்காரரு சவுதியில கெடந்து மக கல்யாணத்துக்குச் சேத்தது. அம்புட்டும் போச்சு. எனக்கும் அதுல பங்குன்னு பேசுறாக. உள்ளூர்ச் சவாரி ஒண்ணுகூட இல்ல."

பாவி மனுசன்! கண்மாயில் என்ன பறவை பார்த்தேன் என்று சத்தியமாக நினைவில்லை.

திரும்பும்போது தெருமுனை நெட் சென்டர் வாசலில் ஒரு பெண் கைகாட்டி நிறுத்தினார். முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"நம்பர் வந்துருக்குமே. படி."

"வந்துருக்கு, ராணி அக்கா." முத்தையா இரண்டு தடவை நிறுத்தி நிறுத்திப் படித்தார். உள்ளங்கையில் எழுதிக்கொண்டு அந்தம்மா உள்ளே போய்விட்டார். கணக்கில் இருக்கும் போன் நம்பரை மாற்ற அறந்தாங்கிக் கிளைக்கு அலையோ அலை என்று அலைந்தும் இன்னும் மாறவில்லையாம். காசைத் தொலைத்தவர் அதே ஆளிடம்தான் வந்து நிற்க வேண்டியிருக்கிறது.

கிளையைப் பூட்டியதில் வங்கிக்குச் செலவு மிச்சம், கணக்கில் லாபம் கூடியிருக்கும். நாசமாய்ப் போன லாபம்.

போகிறவர்களுக்கு: அறந்தாங்கியிலேயே காசு எடுத்துக்கொள்ளுங்கள். குடை அவசியம். உங்கள் அப்பா அம்மா கணக்கில் யார் நம்பர் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். இந்தப் பக்கம் வருகிறவர்களுக்குச் சொல்லலாமே என்று முத்தையாவின் போன் நம்பரைக் கேட்டேன்.

"நம்பரு வேண்டாங்க. யாரு வந்தாலும் ஸ்டாண்டுக்கு வரச் சொல்லுங்க, சும்மாதான் நிப்பேன்."