பன்னிரண்டா, எட்டரையா

தொழிலாளர் பதிவு அலுவலகம் கொடுத்த அட்டையில் அவரைப் பற்றி நான்கு வரிகள் இருக்கின்றன. "தச்சர், முதல் நிலை. சிறப்புத் திறன்: மாடிப்படி. சுயமாக முடிவெடுக்கக் கூடியவர். மேற்பார்வை தேவையில்லை." கீழே ஒரு முத்திரை. முதல் வரியை யாரும் மறுக்க மாட்டார்கள். பத்தொன்பது வருடத்தில் அவர் செய்து முடித்த மாடிப்படிகள் ஐந்து. மற்ற நாளெல்லாம் கதவு நிலை, ஜன்னல் சட்டம், அலமாரித் தட்டு, சுவரும் தரையும் சேரும் இடத்தில் ஓடும் பட்டி என்று எது வந்ததோ அது. முடிவெடுப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தெருவில் அவருக்குப் பெயரே 'பார்க்கலாம்'. சாப்பிட்டாச்சா என்று கேட்டால்கூட முதலில் அந்த வார்த்தைதான் வரும். பிறகுதான் வயிற்றை விசாரிப்பார்.

இதை வைத்து அவரை மந்தமானவர் என்று நினைத்தால் தப்பு. மரம் கைக்கு வந்துவிட்டால் அவருக்குச் சந்தேகமே கிடையாது. கோடு போடுவார், அறுப்பார், பொருத்துவார்; இடுக்கில் தலைமுடி நுழையாது. குழப்பமெல்லாம் மரம் கைக்கு வருவதற்கு முன்புதான். அறுத்தால் திரும்ப ஒட்டாத பொருளிடம் துணிச்சல், மறுநாள் மாற்றிக்கொள்ளக்கூடிய விஷயங்களிடம் பயம்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பட்டறையின் பழைய அறுப்பு மெஷின் புகைந்து நின்றது. ரிப்பேர்காரர் மோட்டாரைத் திறந்து பார்த்துத் திரும்ப மூடினார். பிறகு, "நல்லா உழைச்சிருக்குங்க" என்றார், துக்க வீட்டில் பேசுகிற குரலில்.

அந்த மெஷினுக்கு இரண்டு எஜமானர்கள். பட்டறை நீளமான, ஒடுக்கமான ஓர் அறை. வாசல் பக்க மேசை அவருடையது. உள்பக்க மேசை அவருடைய அண்ணியுடையது. அண்ணன் கப்பலில் வேலை, வருடத்தில் ஒன்பது மாதம் கடலில். அண்ணி படச் சட்டம் செய்கிறவர். சட்டத்தின் நான்கு மூலையும் நாற்பத்தைந்து டிகிரியில் சேர வேண்டும். கால் டிகிரி பிசகினால் நான்காவது மூலை வாயைத் திறந்து காட்டிக்கொடுத்துவிடும். பட்டறைக்கு வருகிற தொலைபேசியையும் அண்ணிதான் எடுப்பார். வாடிக்கையாளர் கேட்ட கேள்விக்கு நேரான பதில் அங்கே அவர் ஒருவரிடம்தான் கிடைக்கும். அதனாலேயே இவருக்கும் வேலை வந்துகொண்டிருந்தது. இது இவருக்குத் தெரியும். சொன்னதில்லை.

மெஷின் நின்ற வாரம் அண்ணியிடம் ஒரு போட்டோ ஸ்டூடியோவின் முப்பது சட்டங்கள் இருந்தன. முப்பது சட்டத்துக்கு இருநூற்று நாற்பது வெட்டு. கையால் அறுத்து நாளைக்கு ஒன்றரைச் சட்டம் முடித்தார். இவரிடம் பல் டாக்டர் வீட்டு மாடிப்படி. பதினோரு இன்ச் அகலத்தில் பதினான்கு படிப் பலகை, மூன்றரை இன்ச் சதுரத்தில் நான்கு தூண். அடுத்த வாரம் சனிக்கிழமை நட வேண்டும். இதற்கு நடுவில் மெயின் ரோட்டில் சட்டம் போடும் கடைக்காரர் அண்ணியைக் கூப்பிட்டார். "எங்கிட்ட மெஷின் சும்மா கிடக்குதும்மா, தனி ரூமும் தரேன். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லுங்க."

"நீங்க மெஷின் வாங்கிட்டா நான் எங்கயும் போகல தம்பி" என்றார் அண்ணி. "எதை வாங்குறீங்கன்னு மட்டும் சீக்கிரம் சொல்லுங்க."

"பார்க்கலாம் அண்ணி."

பழைய மெஷினில் பிளேடு மாட்டிய தலை கீழே மட்டும்தான் இறங்கும். இப்போது வருகிறவை ஸ்லைடிங் மைட்டர் சா. தலையைக் கம்பியின் மேல் முன்னால் இழுத்துப் பின்னால் தள்ளி அறுக்கலாம். அவர் கைப்பேசியில் தேட ஆரம்பித்தார். பிளேடு பன்னிரண்டு இன்ச்சா, எட்டரை இன்ச்சா? தலை ஒரு பக்கம் சாய்ந்தால் போதுமா, இரண்டு பக்கமும் சாய வேண்டுமா? சிவப்புக் கோடு போடும் லேசரா, நிழல் போடும் விளக்கா? பெரிதை வாங்குங்கள், சின்னதை வாங்கினால் ஒருநாள் அழுவீர்கள் என்றார் வீடியோவில் ஒருவர். அடுத்த வீடியோவில் பெரிதை வாங்கிய ஒருவர் அழுதுகொண்டிருந்தார்.

நான்காம் நாள் மனைவி கேட்டார். "என்னைக் கட்டிக்க எத்தனை நாள் யோசிச்சீங்க?"

"ரெண்டு நாள்."

"ஒரு மெஷினுக்கு இவ்வளவு நாளா?"

"அப்ப ஒரே மாடல்தானே இருந்துச்சு."

அன்று இரவுச் சாப்பாட்டை அவரே போட்டுக்கொண்டார்.

அவருடைய மனம் பன்னிரண்டு இன்ச்சின் பக்கம் சாய்ந்திருந்தது. அகலப் பலகைக்குப் பெரிய பிளேடு. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? அண்ணிக்கு அது பிடிக்கவில்லை. "உங்க வேலையில அகலப் பலகை எவ்வளவு, பட்டி எவ்வளவு? அதைச் சொல்லுங்க முதல்ல."

"எல்லா வேலையும்தான் செய்றேன்."

"அது பதில் இல்ல தம்பி."

அண்ணி எழுந்து போய் வெட்டுத்துண்டுகள் போடும் பெட்டியைத் தரையில் கவிழ்த்தார். மூன்று மாதத்துத் துண்டுகள். இருவரும் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் டேப் வைத்து அளந்தார்கள். நூற்று அறுபத்து மூன்று துண்டுகள். அதில் நூற்று ஐம்பத்தொன்று நான்கு இன்ச் அகலத்துக்கும் குறைந்த பட்டி.

"பாத்தீங்களா? நீங்க பட்டி வெட்டுற ஆளு. சின்னது போதும்."

அவர் தலையாட்டினார். தன் தொழில் என்ன என்று நாற்பத்தாறு வயதில் தெரிந்துகொண்டவரின் முகம் அது. பிறகு அண்ணி உட்கார்ந்திருந்த ஸ்டூலையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன் மேல்பலகை அவர் ஓர் அலமாரி வேலையில் மிச்சம் பிடித்தது. பசை டப்பாக்கள் இருந்த தட்டும் அப்படித்தான். அண்ணி சட்டங்களுக்குப் பின்னால் அடிக்கிற பலகையும் அப்படித்தான்.

"அகலத் துண்டை எவன் அண்ணி பெட்டியில போடுவான்?" என்றார். "அதெல்லாம்தான் ஏதாவதா மாறிடுதே. பெட்டிக்குப் போறது ஒண்ணுக்கும் ஆகாதது மட்டும்தான்."

அண்ணி ஸ்டூலைக் குனிந்து பார்த்தார். அரைநாள் அளந்து எழுதிய தாளையும் பார்த்தார். மரவேலை செய்கிற இரண்டு பேர், இருவருக்கும் சேர்த்து முப்பது வருட அனுபவத்தோடு, இதை அளந்து முடித்த பிறகுதான் யோசித்திருந்தார்கள்.

"சரி, திரும்ப ஆரம்பத்துக்கே வந்தாச்சு" என்றார் அண்ணி.

மறுநாள் அவர் அட்டையில் ஒரு பன்னிரண்டு இன்ச் மெஷினைச் செய்தார். கைப்பேசியில் இருந்த அளவுகளின்படி, கம்பிக்குக் குடைக்காம்பு வைத்து, தலை நிஜமாகவே முன்னும் பின்னும் போகிற மாதிரி. அரைநாள் வேலை, அழகாகவும் வந்தது. அதைக் கொண்டுபோய்ப் பழைய மெஷின் இருந்த இடத்தில் வைத்துத் தலையைப் பின்னால் தள்ளினார். காம்பு சுவரில் இடித்தது. மேசையை ஒரு அடி முன்னால் இழுத்தார். இப்போது தலை முழுதாகப் போய் வந்தது. ஆனால் உள்ளே போகிற வழி ஒரு சாண் ஆகிவிட்டது.

வெளியிலிருந்து வந்த அண்ணி கையில் பசை டப்பாவோடு அங்கேயே நின்றார். "இதை வாங்கினா நான் பறந்துதான் உள்ள வரணும்."

"ஒருக்களிச்சு வரலாமே அண்ணி."

"முப்பது சட்டமும் ஒருக்களிச்சு வெளிய போகுமா?"

வியாழக்கிழமை இருவரும் மெஷின் கடைக்குப் போனார்கள். அவர் அக்குளில் ஒரு படிப் பலகை, தோளில் ஒரு தூண் துண்டு. அண்ணி கையில் சட்டக் கட்டை. கடைக்காரர் நெற்றியில் கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கொண்டு, "என்ன வேலைக்குங்க?" என்றார்.

"எல்லா வேலைக்கும்" என்றார் இவர்.

"எல்லா வேலைக்கும்னு மெஷின் வர்றதில்லீங்க. வந்தா நானே வாங்கிட்டு இந்தக் கடையை மூடிடுவேன்."

பலகையை வாங்கிச் சின்ன மெஷினில் வைத்து, தலையை இழுத்து, இறக்கி, தள்ளினார். பதினோரு இன்ச்சும் ஒரே வெட்டில் விழுந்தது. இவர் விழுந்த துண்டையும் மெஷினையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எட்டரை இன்ச் பிளேடு எப்படிங்க பதினோரு இன்ச் வெட்டும்?"

"அகலம் பிளேடால வராதுங்க, இழுப்பால வருது. பிளேடு குடுக்கிறது உயரம். இதுல ரெண்டரை இன்ச் கனம் வரைக்கும் போகும். பெருசுல நாலு இன்ச்."

ஒன்பது நாளாக அவர் தவறான காரணத்துக்காகக் குழம்பியிருந்தார். இனி சரியான காரணத்துக்காகக் குழம்பலாம். தூண்கள் மூன்றரை இன்ச் கனம். சின்னதில் போகாது.

அண்ணியின் கட்டை சின்ன மெஷினில் அறுபட்டு மூலைக்கு மூலை ஒட்டிக்கொண்டது. பெரியதில் அறுத்தபோது மூலை இடுக்கில் ஒரு மெல்லிய வெளிச்சம் தெரிந்தது. "அதை டைட் பண்ணிச் சரி பண்ணிக்கலாம்மா" என்றார் கடைக்காரர். "பெரிய பிளேடு, கொஞ்சம் நடுங்கும். நிதானமா இறக்கணும்."

"இருநூத்தி நாப்பது தடவையா?" என்றார் அண்ணி.

மூவரும் இவரைப் பார்த்தார்கள். மூன்றாவது ஆள், சரக்கு இறக்க வந்த லாரி டிரைவர்.

"பார்க்கலாம்" என்றார் இவர், தூணைத் தோளில் ஏற்றிக்கொண்டு.

திரும்பி வரும் வழியில், பஸ் நிறுத்தத்தில் அண்ணி சொன்னார். "நாளைக்கு மெயின் ரோட்டுக்காரருக்குச் சரின்னு சொல்லிடுறேன் தம்பி. உங்க மேல கோபம் இல்ல. ஸ்டூடியோக்காரர் எத்தனை நாள் பொறுப்பாரு?"

இதற்கு அவர் வழக்கமான வார்த்தையைக்கூடச் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அவர் பட்டறையைத் திறந்து பெருக்கிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. அண்ணி இன்னும் வரவில்லை. மெயின் ரோட்டுக் கடைக்காரர். "அம்மா என்ன முடிவு பண்ணாங்க?"

"அவங்க அங்க வரலீங்க" என்று அவர் வாய் சொன்னது. "இங்கயே மெஷின் இருக்கு."

வைத்துவிட்டுச் சுற்றிப் பார்த்தார். அட்டை மெஷின்தான் இருந்தது. பத்தொன்பது வருடத்தில் யோசிக்காமல் சொன்ன முதல் பதில், அதுவும் அடுத்தவருடைய விஷயத்தில், அதுவும் பொய். பொய் சொன்னவருக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒத்துக்கொள்ளலாம், அல்லது உண்மையாக்கலாம். முதலாவதை நினைத்தாலே வியர்த்தது. விளக்குமாற்றைப் போட்டுவிட்டு மெஷின் கடைக்கு ஓடினார்.

அண்ணி வந்தபோது பழைய இடத்தில் சின்ன மெஷின் உட்கார்ந்திருந்தது; பின்பக்கச் சுவரில் இடிக்கவில்லை, வழியும் அப்படியே இருந்தது. அவர் நடந்ததைச் சொன்னார். அண்ணி இடுப்பில் கை வைத்துக் கேட்டார்.

"என் விஷயத்துல நீங்க எப்படிச் சொல்லலாம்? என்னை ஒரு வார்த்தை கேக்க வேணாமா?"

"கேட்டிருக்கணும்."

"கேட்டா என்ன சொல்லியிருப்பேன்னு தெரியுமா?"

"தெரியாது அண்ணி. அதான் பயம்."

அண்ணி இடுப்பிலிருந்து கையை எடுத்தார். தொலைபேசியை எடுத்து மெயின் ரோட்டுக் கடையைக் கூப்பிட்டார். இவர் மேசையில் இல்லாத தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "ஆமாங்க, அவர் சொன்னது சரிதான். நான் இங்கயே இருக்கேன்" என்றது அண்ணியின் குரல். வைத்துவிட்டு முதல் சட்டக் கட்டையை மெஷினில் வைத்தார். பிளேடை இறக்கும் முன் நிமிர்ந்தார்.

"தூண் இதுல போகாதே. அதுக்கு என்ன பண்ணப் போறீங்க?"

அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை. புரட்டிப் போட்டு இரண்டு பக்கமும் அறுக்கலாமா, பெரியது வைத்திருக்கிற யாரிடமாவது கொண்டு போகலாமா, பெரியதையே வாங்கியிருக்க வேண்டுமோ என்று மத்தியானம் வரை யோசித்தார். பிறகு படிப் பலகை பதினான்கையும் புது மெஷினில் அறுத்தார்.

சனிக்கிழமை காலை டாக்டர் வீட்டுக் கூடத்தில் நான்கு தூண்களையும் கைவாளால் அறுத்து நட்டார்.