பாடம் எடுத்த தலைமையாசிரியை

எங்கள் பள்ளியில் பத்தொன்பது வருடம் கணக்கு நடத்திய டீச்சர், ஒரு திங்கட்கிழமை காலை எங்களுக்கெல்லாம் மேடம் ஆகிவிட்டார். பழைய தலைமையாசிரியர் ஓய்வு பெற்றுப் போனதால் அந்த இடம் இவருக்கு வந்தது. முந்தின வெள்ளிக்கிழமை வரை என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, என் சாப்பாட்டு டப்பாவிலேயே கை நீட்டி எடுத்துச் சாப்பிட்டவர். அன்று அவர் ஆசிரியர் அறைக்குள் வந்ததும் நான் என்னையறியாமல் எழுந்து நின்றேன்.

“என்ன டீச்சர் இது, உக்காருங்க. முட்டி வலிக்கப் போவுது” என்றார்.

உட்கார்ந்தேன். ஆனாலும் அன்றிலிருந்து எங்கள் இருவருக்கும் நடுவில் ஏதோ ஒன்று உட்காராமல் நின்றுகொண்டேதான் இருந்தது.

நான் மொழிப்பாடம் நடத்துகிறவள். அவரைப் பற்றி எழுத எனக்கு முழுத் தகுதி உண்டு என்று சொல்ல மாட்டேன். முக்கியமான ஒரு நாளில் அவருக்கு எதிர்ப்பக்கம் நின்றவள். அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதல் வருடம் அவருக்கு மூச்சுவிட நேரமில்லை. மாடித் தொட்டி வழியும். கீழே ஆய்வகக் குழாயில் சொட்டுத் தண்ணீர் வராது. ஒரு டீச்சருக்குக் காய்ச்சல் என்றால் மூன்று வகுப்புக்கு ஆள் பிடிக்க வேண்டும். இதற்கு நடுவில் கல்வி அலுவலகம் ஒரு படிவம் அனுப்பியது. தலைமையாசிரியர் ஒவ்வொரு வகுப்பிலும் பின்னால் உட்கார்ந்து பார்த்து நிரப்ப வேண்டிய இருபத்தாறு கட்டங்கள். கரும்பலகைப் பயன்பாடு, குரல் ஏற்ற இறக்கம், வகுப்புக் கட்டுப்பாடு என்று போகும் அந்தப் பட்டியல். அட்டையில் அதைச் செருகிக்கொண்டு அவர் படியேறும் சத்தம் கேட்டாலே எங்களுக்கெல்லாம் குரல் மாறிவிடும். நான் அன்றைக்கென்று வைத்திருக்கும் பாடத்தை எடுத்து விடுவேன். பல வருடமாக நடத்தி நடத்தி அது என் வாய்க்குப் பழகியிருந்தது.

கோடு சாரோ வாயையே திறக்க மாட்டார். அவர் அறிவியல் ஆசிரியர்; எங்களில் மூத்தவர். பலகையில் எதை எழுதினாலும் முதலில் அளவுகோல் வைத்து இடது ஓரம் ஒரு கோடு போடுவார், அதனால் பிள்ளைகள் வைத்த பெயர். மேடம் உள்ளே வந்ததும், “எல்லாரும் புத்தகத்தைப் பாத்து எழுதுங்க” என்று சொல்லிவிட்டு ஜன்னலோரம் போய் நின்றுகொள்வார். மேடமும் பத்து நிமிடம் உட்கார்ந்து பார்ப்பார். இருபத்தாறு கட்டமும் காலியாகவே இருக்கும்.

அந்த வருடக் கடைசியில் ஒரு நாள், மேடம் தொட்டியைப் பார்த்துவிட்டு நனைந்த புடவையோடு இறங்கி வந்தார். இரண்டாம் வகுப்புக் குழந்தை ஒன்று படியில் வழிமறித்தது.

“மிஸ், நீங்க எந்த க்ளாஸ் மிஸ்?”

“நான் எந்த க்ளாஸுக்கும் இல்லம்மா.”

“அப்புறம் ஸ்கூலுக்கு எதுக்கு வர்றீங்க?”

பக்கத்திலிருந்த எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மேடமும் சிரித்தார். ஆனால் அறைக்குப் போய் அடுத்த வருட நேர அட்டவணையை எடுத்து மேசையில் விரித்தார். எட்டாம் வகுப்பு சி பிரிவு, கணக்கு என்ற கட்டத்தில் இருந்த பெயரை அடித்துவிட்டுத் தன் பெயரை எழுதினார். யாருமே விரும்பிக் கேட்காத பிரிவு அது.

பள்ளி திறந்த முதல் வாரம் எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார்: “தினம் ரெண்டாவது பீரியட் நான் பாடம் எடுக்கறேன். யாருக்கு அப்ப ஃப்ரீயோ வந்து பின்னாடி உக்காருங்க. நல்லா இருக்கு, நல்லா இல்லன்னு சொல்ல வேண்டாம். என்ன பாத்தீங்களோ அதை மட்டும் சொல்லுங்க.”

நாங்கள் தலையாட்டினோம். யாரும் போகவில்லை. தலைமையாசிரியர் பாடம் நடத்தி, அதில் குறை சொல்கிற அளவுக்கு யாருக்கும் பைத்தியம் பிடிக்கவில்லை. மூன்றாவது வாரம் கோடு சார் ஒரு முக்காலியைத் தூக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தார்.

அன்று பின்னங்கள். பாடம் சூடாகப் போனதாகத்தான் மேடம் நினைத்திருக்கிறார். மணி அடித்ததும் கோடு சார் ஒரு தாளை நீட்டினார். அதில் வகுப்பின் பெஞ்சுகளை வரைந்து, யார் பேசினார்களோ அந்த இடத்தில் புள்ளி வைத்திருந்தார்.

“முப்பத்தேழு பேர்ல அஞ்சு பேருதான் வாயத் தொறந்தாங்க மேடம். நீங்க முப்பத்தொரு கேள்வி கேட்டீங்க. கேட்டு முடிச்சு ஒரு மூச்சு விடறதுக்குள்ள பாதிக்கு நீங்களே பதில் சொல்லிட்டீங்க.”

“அப்புறம்?”

“மூணாவது பெஞ்சு பொண்ணு. ரெண்டுல ஒண்ணையும் மூணுல ஒண்ணையும் கூட்டினா என்னன்னு கேட்டீங்க. அஞ்சுல ரெண்டுன்னு சொன்னா. தப்பு, அடுத்து யாருன்னு போயிட்டீங்க. அது எங்கிருந்து வந்துச்சுன்னு கேக்கல. அதுக்கப்புறம் அவ ஜன்னலையே பாத்துக்கிட்டிருந்தா.”

மேடம் நன்றி சொல்லித் தாளை வாங்கி மடித்துக்கொண்டார். பத்தொன்பது வருடம் நன்றாக நடத்துகிறேன் என்று நம்பியிருந்த ஒருவருக்கு அது எவ்வளவு வலித்திருக்கும் என்று எனக்கு இப்போது தெரிகிறது. அன்று மாலை நேராகக் கணவரின் மூக்குக் கண்ணாடிக் கடைக்குப் போயிருக்கிறார். அங்கே நடந்ததை மேடமே பின்னால் எனக்குச் சொன்னார்.

கணவர் ஒரு பெரியவருக்குக் கண் பரிசோதித்துக்கொண்டிருந்தார். எதிரே எழுத்துப் பலகை. பெரியவர் தப்புத் தப்பாகப் படித்தார். கணவர் திருத்தவே இல்லை. “ம், அடுத்தது” என்று பொறுமையாகக் குறித்துக்கொண்டே போனார். ஆள் போனதும் மேடம் கேட்டார்.

“அவ்வளவு தப்பா படிக்கிறாரு, ஒண்ணுமே சொல்லாம இருக்கீங்களே?”

“தப்பா படிச்சாதானே எனக்கு விவரம் தெரியும்? எதை எதுன்னு படிக்கிறாருன்னு பாத்துதான் பவரைக் கண்டுபிடிக்கணும். எல்லாம் சரியா படிக்கிறவருகிட்ட எனக்கு என்ன வேலை? போயிட்டு வாங்கன்னு அனுப்பிடுவேன்.” பிறகு மேடத்தின் முகத்தைப் பார்த்து, “ஏன், இன்னிக்கு யாரு உன்னைப் பரிசோதிச்சது?” என்றாராம்.

மறுநாள் மேடம் மூன்றாவது பெஞ்சுக்குப் போனார். கோடு சார் அன்றும் பின்னால் இருந்தார். “நேத்து அஞ்சுல ரெண்டுன்னு சொன்னியே, எப்படி வந்துச்சு?”

அந்தப் பெண் பயந்து எழுந்து நின்றாள். “தப்புதான் மிஸ்.”

“சரி தப்பு கிடக்கட்டும். எப்படி வந்துச்சுன்னு கேக்கறேன்.”

மேடம் காத்திருந்தார். காத்திருப்பது அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பது சாக்பீஸைப் பிடித்திருந்த விரல்களில் தெரிந்ததாம். கடைசியில் அவள் சொன்னாள்: “கூடைப்பந்துல மிஸ்... முதல் ஆட்டத்துல ரெண்டு தடவை எறிஞ்சு ஒண்ணு போட்டேன். அடுத்த ஆட்டத்துல மூணு தடவை எறிஞ்சு ஒண்ணு. மொத்தம் அஞ்சு எறிஞ்சதுல ரெண்டு. அப்ப அஞ்சுல ரெண்டுதானே?”

 அவள் சொன்னது சரி. கேட்ட கேள்விக்குத்தான் அது பதில் இல்லை. வேறொரு கேள்விக்கு அது மிகச் சரியான பதில். பின்னாலிருந்து கோடு சார் பலமாகச் சிரித்தார். அவர் பள்ளியில் சிரித்ததை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. பிள்ளைகள் பயந்து திரும்பிப் பார்த்தார்கள்.

அன்றும் மறுநாளும் வகுப்பு அதிலேயே போனது. ஒரே ரொட்டியில் பாதியையும் மூன்றில் ஒரு பங்கையும் தின்றால் எவ்வளவு, இரண்டு ஆட்டத்தில் எறிந்ததைச் சேர்த்தால் எவ்வளவு, ஏன் இரண்டும் வேறு வேறு என்று பிள்ளைகள் தங்களுக்குள் சண்டை போட்டார்கள். ஜன்னலோரப் பெஞ்சில் பள்ளி திறந்த நாளிலிருந்து தூங்கிக்கொண்டிருந்த பையன்கூட, “ரொட்டி ஒண்ணுதான், ஆட்டம் ரெண்டு இல்ல?” என்று கத்தினான். பாடத்திட்டப்படி மேடம் இரண்டு நாள் பின்தங்கினார். கவலைப்படவில்லை.

அதன் பிறகு கோடு சார் தன் வகுப்பில் வாயைத் திறந்தார். மேடம் பின்னால் உட்கார்ந்து அவரைப் போலவே பெஞ்சு வரைந்து புள்ளி வைத்தார். ஒவ்வொன்றாக வகுப்புக் கதவுகள் திறந்தன. நான்தான் கடைசி. என் வகுப்புக்கு வந்த கோடு சார், “டீச்சர், நீங்க கவிதையைச் சொல்லும்போது பிள்ளைங்க உங்களையே பாக்குறாங்க, புத்தகத்தைப் பாக்கல” என்றார். புகழ்ந்தாரா குத்தினாரா என்று தெரியாமல் ஒரு வாரம் மண்டை காய்ந்தேன். படிவம் மட்டும் விடவில்லை. மேடம் எங்களை ஒவ்வொருவராக உட்கார வைத்து, அந்த இருபத்தாறு கட்டத்தையும் எங்களோடு பேசியே நிரப்பினார்.

இரண்டு வருடம் கழித்து அந்த எட்டாம் வகுப்பு சி பத்தாம் வகுப்புக்கு வந்தது. பொதுத்தேர்வுக்கு நான்கு மாதம் இருக்கும்போது பள்ளி நிர்வாகக் குழுவின் செயலாளர் ஒரு தாளோடு வந்தார். அரையாண்டு மதிப்பெண்ணில் கடைசியாக இருந்த ஒன்பது பேர். கூடைப்பந்துப் பெண்ணின் பெயர் அந்தப் பட்டியலில் எட்டாவது.

“ஆறு வருஷமா நூறு சதவீதம் மேடம். இவங்க பெத்தவங்களைக் கூப்பிட்டு நயமா பேசுங்க. தனித்தேர்வரா எழுதிக்கட்டும். நம்ம பள்ளிக் கணக்குல வர வேண்டாம்.”

“அவங்க நம்ம பிள்ளைங்கதானே சார்?”

“ஆமா. அதான் நயமா பேசுங்கன்னு சொல்றேன்.”

மேடம் ஒரு நாள் அவகாசம் கேட்டார். மாலையில் எங்களைக் கூட்டி விஷயத்தைச் சொன்னார். நான்தான் முதலில் எழுந்தேன். “நூறு போச்சுன்னா ஊர்ல பேரு போயிடும் மேடம். பிள்ளைங்க சேர மாட்டாங்க. ஒன்பது பேருக்காக ஆயிரம் பேரோட பள்ளிக்கூடத்தைப் பணயம் வைக்கலாமா?” என்றேன். நான் சொன்னது முட்டாள்தனமான வாதம் இல்லை. பலரும் தலையாட்டினார்கள்.

மேடம் கோபப்படவில்லை. “டீச்சர் சொல்றது நடக்கலாம். முடிவு என்னோடது, அதுல உங்க யாருக்கும் பங்கு வேண்டாம். ஒன்பது பேரும் இங்கதான் எழுதுவாங்க. ஆனா அவங்கள எழுத வைக்க எனக்கு நீங்க வேணும். தனியா என்னால முடியாது.”

  கோடு சார் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு கேட்டார்: “காலைல ஏழரைக்கா, ஏழே முக்காலுக்கா?”

அந்தக் காலை வகுப்புக்கு நானும் போனேன். வெட்கத்தில் போனேன் என்பதுதான் உண்மை. ஆனால் போன பிறகு மாறியது நான்தான். அந்த ஒன்பது பேரில் நான்கு பேருக்கு எழுத்துக் கூட்டிப் படிப்பதிலேயே தடங்கல் இருந்தது. மூன்று வருடம் என் வகுப்பில் உட்கார்ந்திருந்தவர்கள். என் குரலைக் கேட்டு மனப்பாடம் பண்ணியே தப்பித்து வந்திருக்கிறார்கள். அதை நான் ஒரு நாளும் பார்க்கவில்லை.

தேர்வு முடிவு வந்தது. ஒன்பதில் ஆறு பேர் தேறினார்கள். கூடைப்பந்துப் பெண் கணக்கில் நாற்பத்து நான்கு வாங்கி, பள்ளி வாசலில் துள்ளிக் குதித்தாள். மூன்று பேர் தோற்றார்கள். பள்ளி தொண்ணூற்றேழு சதவீதம். அந்த வருடம் வாசலில் பேனர் கட்டவில்லை. பழியெல்லாம் மேடத்தின் தலையில் வந்து விழுந்தது. வெளியிலிருந்து புதிய தலைமையாசிரியர் வந்தார். மேடம் விரும்பினால் கணக்கு ஆசிரியையாகத் தொடரலாம் என்று நாலு வரிக் கடிதம்.

அவர் போய்விடுவார் என்றுதான் நினைத்தோம். சாவிக்கொத்தை எண்ணி ஒப்படைத்துவிட்டு, ஆசிரியர் அறைக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். கண் சிவந்திருந்தது. “அழுதீங்களா?” என்றேன்.

“அழுதேன். அவமானமா இல்லன்னு சொன்னா பொய். ஆனா வேற எங்க போறது? எனக்கு ஆறாம் வகுப்பு கொடுத்திருக்காங்க.”

தோற்ற மூவரில் இருவர் துணைத்தேர்வில் தேறினார்கள். மூன்றாமவன், அன்று ரொட்டியைப் பற்றிக் கத்தியவன், திரும்பி வரவில்லை. டயர்க் கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். மேடம் இரண்டு முறை போய்ப் பார்த்தார். இரண்டாவது முறை இவர் வருவதைக் கண்டு உள்ளே போய் ஒளிந்துகொண்டான். அதற்குப் பிறகு அவர் போகவில்லை.

அடுத்த வருடம் புதிய தலைமையாசிரியர் ஐந்து பேர் பட்டியலை எங்கள் முன் வைத்தார். பெற்றோரைக் கூப்பிட்டுப் பேச ஒரு ஆள் வேண்டும் என்றார். முந்தின வருடம் முதலில் எழுந்த நான், இந்த முறையும் முதலில் எழுந்தேன். என்னால் முடியாது சார் என்றேன். கோடு சாரும் மாட்டேன் என்றார். மற்றவர்கள் மேசையைப் பார்த்தார்கள். தலைமையாசிரியரே பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசினார். இரண்டு குடும்பம் ஒப்புக்கொண்டு பிள்ளைகளை எடுத்துக்கொண்டது. மூன்று பேர் இங்கேயே எழுதினார்கள்.

மேடத்திடம் ஒரு நாள் கேட்டேன்: “அன்னிக்கு அப்படி முடிவெடுத்தது சரின்னு இப்பவும் தோணுதா?”

விடைத்தாள் கட்டைச் சரிசெய்து மடியில் வைத்துக்கொண்டார்.

“அந்தப் பொண்ணைப் பாக்கும்போது தோணும். டயர்க் கடையைத் தாண்டிப் போகும்போது, இன்னும் முன்னாடியே ஆரம்பிச்சிருக்கணும்னு தோணும். முதல் வருஷம் பூரா தொட்டியையே பாத்துக்கிட்டிருந்துட்டேன் டீச்சர்.”

மணி அடித்தது. அவர் ஆறாம் வகுப்புக்குப் போனார்.