இறாலுக்கு ஏது குலதெய்வம்?

போன மாதம் மண்ணூரில் ஒரு வீட்டுக் கூடத்தில், பஜ்ஜித் தட்டு ஒன்று பாதி வழியில் அப்படியே நின்றுவிட்டது. அடுத்த பஜ்ஜி எனக்குத்தான் வரவேண்டும். அதனால் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

என் மனைவியின் தம்பி சேகருக்குப் பெண் பார்க்கப் போயிருந்தோம். பட்டணத்தில் ஆராய்ச்சி மாணவன். வயது முப்பதைத் தாண்டிவிட்டது. போன இடத்தில் எல்லாம் "மாப்ள இன்னா பண்றாரு?" என்பார்கள். இவன் "இறால்" என்பான். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

மண்ணூர்ப் பெண் வசந்தா மட்டும் "அப்புறம்?" என்று கேட்டாள். அவளுக்கு மறைமலை நகரில் ஒரு ஃபேக்டரியில் இன்ஸ்பெக்‌ஷன் வேலை. சேகரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அவனிடம் 'அப்புறம்' கேட்ட முதல் ஜீவன். அந்த நிமிஷமே விழுந்துவிட்டான் பாவம்.

உற்சாகமாக விளக்கினான். ஏரி இறால் ஒன்று, முகத்துவார இறால் ஒன்று. பார்த்தால் அச்சு அசல் ஒன்றுபோல இருக்கும். ஆனால் சதையை அரைத்து, மாவுக் களியில் வைத்து, கரண்ட் விட்டு, சாயம் போட்டால் கோடு கோடாகத் தெரியுமாம். மரபணு எழுதிய கோடுகள். ஒத்துப்போனால் ஒரே வம்சம். மாறினால் எந்தக் காலத்திலோ பிரிந்துபோன வேறு வம்சம்.

வசந்தாவின் அத்தை வெற்றிலையை மென்றபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அதெல்லாம் இருக்கட்டும் தம்பி. உங்க குலதெய்வம் இன்னா?"

என் மாமனார் பெருமையாகச் சொன்னார்: "மணிமங்கலம் ஏரிக்கர பொன்னியம்மன்."

"எங்களுக்கும் ஏரிக்கர பொன்னியம்மன்தான்."

பஜ்ஜித் தட்டு நின்றது இங்கேதான்.

உங்களுக்குத் தெரியாததா? ஒரே குலதெய்வம் என்றால் பங்காளி. பங்காளி என்றால் பையனும் பெண்ணும் அண்ணன் தங்கை முறை. "பங்காளி வூட்டுக்கா பொண்ணு பாக்க வந்தீங்க? சரி, வந்ததுக்கு சாப்ட்டு போங்க" என்றார் அத்தை. உபசாரத்தில் குறையில்லை. கல்யாணம்தான் போயிற்று. சேகர் தரையைப் பார்த்தான்.

"இரு அத்த" என்றாள் வசந்தா. "இவரு இப்பத்தான சொன்னாரு, பாக்க ஒண்ணா கீறதெல்லாம் ஒண்ணு இல்லன்னு. எங்க லைன்ல கூட ரெண்டு போல்ட்டு ஒரே மாதிரி இருக்கும், மரை வேற. ஏரிக்கு ஏரி ஒரு பொன்னியம்மன் கீது. பேரு ஒண்ணா இருந்தா அம்மனும் ஒண்ணா?"

"இறாலும் சாமியும் ஒண்ணாடி? இறாலுக்கு ஏது குலதெய்வம்?"

வசந்தா என் மாமனார் பக்கம் திரும்பினாள். "உங்க அம்மனுக்கு இன்னா படையல் மாமா?"

"கெடா வெட்டுவோம்மா."

"எங்களுக்கு சக்கரப் பொங்கல். ரத்தமே ஆவாது."

அத்தை மெல்வதை நிறுத்தினார். எனக்கு உயிர் வந்தது. அப்போது பார்த்து நம் விஞ்ஞானி வாயைத் திறந்தான்.

"ஒரே ஒரு வித்தியாசத்த வச்சி முடிவு சொல்ல முடியாதுங்க. படையல் நடுவுல கூட மாறியிருக்கலாம். இன்னும் நாலஞ்சு விஷயம் ஒப்பிட்டுப் பாக்கணும்."

அவன் காலை மிதித்தேன். இறாலிடம் காட்டுகிற நேர்மையைப் பெண் பார்க்கிற இடத்திலுமா காட்டுவது? எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

வசந்தா அசரவில்லை. "ஒப்பிட்டா போச்சு" என்றாள்.

அம்மன் எந்தப் பக்கம் பார்க்கிறாள்? மாப்பிள்ளை வீட்டுக்குக் கிழக்கு, பெண் வீட்டுக்கு வடக்கு. திருவிழா? இவர்களுக்கு ஆடி, அவர்களுக்குச் சித்திரை. குழந்தைக்கு முதல் மொட்டை? இவர்களுக்குக் கோயிலிலேயே அடிக்க வேண்டும், அவர்கள் கோயிலில் மொட்டையே கிடையாது. எதுவும் ஒத்துப்போகவில்லை.

"வேற வேற வம்சம்தாங்க" என்றான் சேகர். இறாலுக்கு அவன் இப்படிக் கலங்கி நான் பார்த்ததில்லை.

அத்தை "அப்ப கட்டிக்கலாம்" என்று சொல்லிவிட்டு, தட்டை என் பக்கம் தள்ளினார். பஜ்ஜி ஆறிப்போயிருந்தது.

எல்லோரும் ஏதாவது ஒரு வழியில் சொந்தம் கண்டுபிடித்துத்தான் நெருங்குகிறோம். சொந்தமே இல்லை என்று நிரூபித்துச் சொந்தமானவர்களை இப்போதுதான் பார்க்கிறேன்.

நேற்று கல்யாணப் பத்திரிகையின் புரூஃப் வந்தது. இரண்டு அம்மனுக்கும் மனத்தாங்கல் வேண்டாமே என்று, மேலே 'பொன்னியம்மன் துணை' என்று இரண்டு தடவை போடச் சொல்லியிருந்தோம். பிரஸ்காரர் கைத்தவறு என்று நினைத்து ஒன்றை அடித்துவிட்டார்.

ஒரே ஒரு பென்சில் கோடு... மணமக்கள் மறுபடியும் அண்ணன் தங்கை.